பத்து மணி இருபது நிமிடம்

ஆபீஸில் அவனுக்கு நேர்கோடு என்று பெயர். செருப்புக் கடைக்கு மேலே மூன்று அறை, எட்டு மேஜை, தண்ணீர் சொட்டும் ஒரு ஏ.சி., இதுதான் ஆபீஸ். உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையத்தைக் கேட்டாலும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், பறந்து போக எவ்வளவு நேரம் என்று சொல்லும் பக்கங்களை அங்கிருந்துதான் இணையத்தில் ஏற்றினார்கள். ஒரு ஜோடிக்கு ஒரு பக்கம். இருக்கிற நிலையங்களையெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் லட்சக்கணக்கில் பக்கம் வரும். வந்தது. ஏதோ மலையைப் பெயர்த்துவிட்ட மாதிரி முதலாளி கேக் வெட்டினார்.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. உருண்டைமேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் என்ன நீளமோ அதுதான் தூரம். அதை எண்ணூற்று ஐம்பதால் வகுத்து, ஏற இறங்க என்று அரை மணி நேரம் சேர்த்தால் பயண நேரம். அந்த நூல் போகிற வழியில் விமானம் எதுவும் போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வாரத்துக்கு ஒரு தபால் விமானம் வந்து போகும் பனித்தீவுக்கும், பாலைவனத்தில் கழுதை மேயும் ஓடுதளத்துக்கும் நடுவில்கூட 'பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம்' என்று ஒரு பக்கம் கூசாமல் நிற்கும். இந்தக் கணக்கை எழுதி வைத்தவன் அவன்தான். பெயர் வந்த கதையும் அதுதான்.

நேர்கோட்டுக்கு யாரைப் பார்த்தாலும் இளக்காரம். முதலாளி ஒரு தத்தி, கூட வேலை பார்க்கிறவர்கள் பூமிக்குப் பாரம். பக்கத்தைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை அவன் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 'ஐயா, இந்த விமானம் எத்தனை மணிக்குப் புறப்படும்? ஜன்னல் ஓரம் கிடைக்குமா?' என்று யாராவது கடிதம் போடுவார்கள். அதை எழுந்து நின்று ராகம் போட்டுப் படிப்பான். எட்டு மேஜையும் சிரிக்கும். "எந்த மடையன்டா இவன்?" என்று முடித்துவிட்டு உட்காருவான். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அவன் வாயில் அது வந்துவிடும்.

முதலில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி இருந்தது. 'இது நேர்கோட்டுக் கணக்கு. நேரடி விமானம் இல்லாமல் போகலாம். உண்மையில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகலாம்.' அதையும் எழுதியவன் அவன்தான். போன வருஷம் முதலாளி ஒரு கூட்டம் போட்டார். அந்த வரிக்கு வந்ததும் ஜனங்கள் பக்கத்தை மூடிவிட்டுப் போகிறார்களாம், விளம்பரம் வீணாகிறதாம். எழுத்தைச் சின்னதாக்கலாம் என்றாள் ஒருத்தி. நிறத்தை மங்கலாக்கலாம் என்றான் இன்னொருவன்.

"எதுக்கு சார் இந்தப் பாடு? தூக்கிடலாம்," என்றான் நேர்கோடு. "அதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிற அளவுக்கு மூளை இருக்கிறவன் நம்ம பக்கத்துக்கு வரவே மாட்டான். வர்றவனுக்கு ஒரு நம்பர் போதும்."

முதலாளி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றைக்கே எல்லாப் பக்கத்திலிருந்தும் அந்த வரி போய்விட்டது. அடுத்த வாரம் நேர்கோட்டுக்கு ஜன்னலோர மேஜை கிடைத்தது.

வீட்டில் அவனுடைய இளக்காரத்துக்கு ஆள் அப்பா. ஊரில் அவரை மைக் என்பார்கள். பேருந்து நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் அறிவிப்புச் சொன்னவர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, எதிரே ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் பார்த்து, எந்த வண்டி எந்த மேடையில் எத்தனை மணிக்கு என்று சொல்வார். கணீரென்ற குரல். பெஞ்சில் தூங்குகிறவன்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடுவான். ஆபீஸில் அச்சடித்துக் கொடுத்த நேரம் என்றால் அவருக்கு வேதவாக்கு. வண்டி வராவிட்டால் வண்டியைத் திட்டுவாரே தவிர அட்டவணையைத் திட்ட மாட்டார். "அடுத்தவன் எழுதினதைப் படிச்சே காலத்தை ஓட்டின ஆளு. கிளிப்பிள்ளைக்குப் பென்ஷன்," என்று மகன் சொல்வான், அவர் காதுபடவே.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

நேர்கோடு அக்காவுக்குச் செய்தி அனுப்பினான். இரண்டே வரி. 'அப்பாவுக்குத் தொண்டையில் ஒரு ஆபரேஷன். முடிந்தால் வா.' குரல் மொத்தமாகப் போய்விடும் என்று டாக்டரம்மா சொன்னதை எழுதவில்லை. ஒன்பது வருஷமாக மகளோடு ஒரு வார்த்தை பேசாத மனுஷனுக்குக் குரல் இருந்தால் என்ன, போனால் என்ன என்று அவனுக்கு நினைப்பு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அக்கா, அப்பா பார்த்து முடித்து வைத்த கணவனை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு இந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா வாசற்படியில் நின்றபடியே, தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "போ" என்றார். மைக் சொன்னால் கேட்காமல் இருக்குமா? அவள் போனாள். கணவன் வீட்டுக்கு இல்லை. நிலம் எங்கே முடிகிறதோ அதுவரைக்கும் போய், ஒரு தீவில் மீன் பதப்படுத்தும் ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது பதில் போட்டாள். 'செவ்வாய் காலை பத்து மணிக்கு ஏறுகிறேன். புதன் மதியம் பன்னிரண்டரைக்கு இறங்குவேன்.' சாப்பிடும்போது நேர்கோடு அதைப் பொதுவாகச் சொன்னான்.

"அக்கா செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு ஏறுறாளாம்."

அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. இவருக்கு இவ்வளவு சொன்னதே ஜாஸ்தி என்று மீதிப் பாதியைச் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மகனிடம் முன்பே சொன்னதை டாக்டரம்மா இப்போது அப்பாவிடமே சொன்னார், சுற்றி வளைக்கிற ரகமில்லை. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், கழுத்தில் ஒரு துளை வைப்போம், மூச்சு அதன் வழியாக. பின்னால் கருவி வைத்துப் பேசிப் பழகலாம், ஆனால் அது உங்கள் குரலாக இருக்காது என்றார்.

"புதன்கிழமை காலையில ஏழு மணிக்கு இடம் இருக்கு. செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்குள்ள வந்து சேர்ந்துடணும். அதை விட்டா பதினோரு நாள் ஆகும். நீங்களே சொல்லுங்க."

அப்பா விரல்விட்டு எதையோ எண்ணினார். "புதன்," என்றார்.

நேர்கோடு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். அக்கா இறங்குவது புதன் மதியம். செவ்வாய் ஏறுகிறவள் அன்றைக்கே வந்துவிட மாட்டாள் என்று அவருக்குத் தெரியாதா என்ன. அவள் வந்து நிற்பதற்குள் வாயைப் பூட்டிக்கொள்ள கிழவர் வழி பண்ணிக்கொண்டார், வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று எண்ணினான். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் விஷயம் விளங்கியிருக்கும். கேட்கவில்லை. அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்தான். வெளிக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசற்படி கழுவிவிட்ட ஈரத்தில் இருந்தது. அப்பா முகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, படிக்கு உள்பக்கம் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் தெருவில் இருந்தது.

"என்ன, மாப்பிள்ளை ஊர்வலம் ஏதாவது வருதா?" என்றான் மனைவியிடம்.

"அக்கா வர்றாங்கல்ல," என்றாள் அவள். "நாலு இருபதுக்கு இறங்கியிருப்பாங்க. பெட்டி எடுக்க ஒரு மணி நேரம், ரோட்டுல ஒரு மணி நேரம். ஆறரைக்குள்ள வந்துடுவாங்கன்னு மாமா சொன்னாரு."

"நாலு இருபதா? அக்கா நாளைக்கு மதியம்தான் வருவா. மூணு பிளைட் மாறி வர்றா. அங்கேருந்து இங்கே நேரா எந்தப் பிளைட்டும் கிடையாது. எந்த மடையன் சொன்னான் இன்னிக்குன்னு?"

அப்பா திரும்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

தாளின் தலையில் சின்னதாக ஒரு நீல விமானம். அவனுடைய ஆபீஸ் சின்னம். இரண்டு ஊர்ப் பெயர். 8,358 கிலோமீட்டர். பயண நேரம் பத்து மணி இருபது நிமிடம். அதற்குக் கீழே பென்சிலில், அட்டவணை எழுதிப் பழகிய அப்பாவின் கையெழுத்து: 'அங்கே காலை 10.00, இங்கே காலை 6.00. வருகை மாலை 4.20.' அடியில், அந்த ஒரு வரி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

"உன் ஆபீஸ் போட்டதுதானே?" என்றார் அப்பா. குரல் சருகை மிதித்த மாதிரி நொறுங்கி வந்தது.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம் மாமான்னு நான் சொன்னேன்," என்றாள் மனைவி. "வேண்டாம்மா, அவன் சிரிப்பான்னாரு. அப்புறம், அவன் போட்ட நேரம்தானே, அவனையே எதுக்குத் திரும்பக் கேக்கணும்னாரு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது."

நேர்கோடு தாளைப் புரட்டிப் பார்த்தான். அப்பா தன்னுடைய பக்கங்களைப் பார்க்கிறார் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. இந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் டாக்டரம்மா முன்னால் விரல்விட்டு எண்ணியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்பா, இன்னிக்கே வந்தா என்ன, நாளைக்கு வந்தா என்ன? வரத்தானே போறா," என்றான். சொல்லும்போதே சுரத்து இல்லை.

அப்பா ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துப் பேசினார். நடுநடுவே மூச்சு வாங்கியது.

"இந்தப் படியில நின்னு, இந்த வாயாலதான் போன்னு சொன்னேன். இதே படியில நின்னு, இதே வாயால வான்னு சொல்லணும். ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் அவங்க எதை வேணா அறுத்து எடுத்துக்கட்டும்."

நேர்கோடு தெருவுக்கு இறங்கி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் கெஞ்சினான்.

"காலையில ஏழு மணிக்குப் பதிலா மதியம் மூணு மணிக்கு வெச்சுக்கலாமா டாக்டர்? எட்டு மணி நேரம்தான்."

"நாளைக்கு எனக்கு இன்னும் மூணு பேர் இருக்காங்க. மூணு பேரும் வெறும் வயித்தோட காத்திருப்பாங்க. யாரைத் தள்ளிவிடச் சொல்றீங்க?"

"அப்ப பதினோரு நாள் கழிச்சு?"

"நேத்து எடுத்த படத்தைப் பார்த்தீங்களா? காத்து போறதுக்கு ஒரு ஸ்ட்ரா அளவு வழிதான் பாக்கி. வாரக் கடைசி தாண்டுறதே சந்தேகம். புதன்கிழமைன்னு அவரே கேட்டப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அடுத்து அக்காவுக்குப் போட்டான். இரண்டு தடவை மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தாள். அவள் முதல் விமானத்தில் இறங்கி, ஏதோ ஒரு பெரிய நிலையத்தில் ஒன்பது மணி நேரம் காத்துக் கிடந்துவிட்டு, அடுத்ததில் ஏற வரிசையில் நின்றிருந்தாள். பின்னால் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன, பெட்டிகள் உருண்டன. எல்லாவற்றுக்கும் மேலே ஒலிபெருக்கி ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

"அக்கா, போனை வெச்சுடாதே. அப்பா பேசணுமாம்."

"யாரு?" என்றாள். அப்பாதான் என்று அவன் திரும்பச் சொன்னான். "குடு," என்றாள்.

நேர்கோடு ஓடி வந்து போனை அப்பாவிடம் கொடுத்தான். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் போய் நின்றார். சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். கூண்டுக்குள் மைக்கைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அப்படித்தான் செய்வாராம்.

"வா," என்றார். "வாம்மா. உள்ள வா."

பக்கத்தில் நின்றவனுக்கே அது காற்றாகத்தான் கேட்டது.

"அப்பா?" என்று போனிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஒண்ணுமே கேக்கலைப்பா. இங்கே ஒரே சத்தம். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

அப்பா மூச்சை இழுத்துக் கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கத்து ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், பளிச்சென்று, எந்த விமானம் எந்த வாசலில் எத்தனை மணிக்கு என்று சொல்ல ஆரம்பித்தது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டு அது முடியட்டும் என்று காத்திருந்தார். இன்னொருவர் அறிவிப்புச் சொல்லும்போது குறுக்கே பேசி அவருக்குப் பழக்கம் இல்லை.

"எங்க வரிசையைத்தான் கூப்பிடுறாங்கப்பா," என்றாள் அக்கா. "எதுவா இருந்தாலும் நாளைக்கு நேர்ல பேசிக்கலாம். நான் வந்துட்டேதான் இருக்கேன்."

இணைப்பு அறுந்தது. நேர்கோடு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். எடுக்கவில்லை. பிறகு மணியே அடிக்கவில்லை.

"அப்பா, நீங்க சொல்லுங்க, நான் போன்ல பதிவு பண்ணி வெச்சுடறேன். அக்கா வந்ததும் போட்டுக் காட்டலாம்."

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் மகன் அவரைப் பார்த்த அதே பார்வை.

"யாரும் நிக்காத மேடைக்கு நான் அறிவிப்புச் சொன்னதில்லை," என்றார். அவராகவே பையை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச இருந்த கடைசிச் சாயந்திரத்தை அவர் அப்படிக் கழித்தார்.

புதன்கிழமை மதியம் அக்கா நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தலை கலைந்து, கால் வீங்கி, பெட்டியில் மூன்று விமானத்தின் சீட்டும் ஒட்டியபடி வந்து நின்றாள். வியாழன் காலையில்தான் உள்ளே விட்டார்கள். நர்ஸ் வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள்.

"பேச மாட்டாரும்மா. எழுதித்தான் காட்டுவாரு."

"எத்தனை நாளைக்கு?"

"இனிமே அப்படித்தான். உங்களுக்குச் சொல்லலையா?"

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நர்ஸின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். கழுத்தில் கட்டு, நடுவில் குழாய், அதன் வழியாக மூச்சு சீறிப் போய் வந்துகொண்டிருந்தது. மகளைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, அவ்வளவுதான். ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை அசைத்துப் பார்த்தார். அக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

கொஞ்சம் அடங்கியதும் அப்பா தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டார். 'வா' என்று பெரிதாக எழுதினார்.

"வந்துட்டேனேப்பா," என்றாள்.

அப்பா தலையை ஆட்டினார், அது இல்லை என்று. மறுபடி எழுதினார். 'வாசலில் நின்று வாயால் சொல்ல இருந்தேன். நீ செவ்வாய் மாலையே வந்துவிடுவாய் என்று புதனுக்கு ஒப்புக்கொண்டேன்.'

"செவ்வாயா? முப்பது மணி நேரத்துக்கு மேல ஆகுமேப்பா. யாரு சொன்னா செவ்வாய்னு?"

'பத்து மணி இருபது நிமிடம் என்று போட்டிருந்தது.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். முகம் சிவந்தது. அவளுக்கும் அந்த வீட்டு வாய்தானே.

"எந்த மடையன் போட்டான் அப்படி?"

நேர்கோடு கட்டிலின் கால்மாட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அப்பாவின் பேனா தாளுக்கு மேலே நின்றது. அவர் மகன் பக்கம் திரும்பவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் தெரிந்து ஒரு நேரத்தைக்கூடத் தப்பாகச் சொல்லாத மனிதர். நிதானமாக எழுதி மகளிடம் காட்டினார்.

'தெரியாது.'

நேர்கோட்டுக்கு அந்த எழுத்து தலைகீழாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் படிக்க முடிந்தது.

"நான்தான் அக்கா," என்றான். "அந்தக் கணக்கு என்னோடது. நேரடி விமானம் இருக்காது, நேரம் கூட ஆகும்னு கீழே ஒரு வரி இருந்துச்சு. அதையும் நான்தான் எடுக்கச் சொன்னேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா மெதுவாக எழுந்தாள்.

"அந்த வரி இல்லேன்னா ஜனங்க நம்பிடுவாங்கன்னு தெரியும்தானே?"

"தெரியும்," என்றான்.